மெயினை இறக்கிய மறுநாள்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயந்த கதை அதற்குப் பிறகு. வரிசை மாறினால் என்னைக் கோழை என்று நினைத்துவிடுவீர்கள்.

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற வழியில், சாலையோரத்தில் ஒரு போர்வெல் பட்டறை. நான் கட்டியது. அதில் நிற்கும் ரிக் வண்டி, பழைய லாரி ஒன்றின் முதுகில் நானும் ஒரு வெல்டரும் சேர்ந்து ஏற்றிப் பொருத்தியது. இது ஓடவே ஓடாது என்று சொன்ன இஞ்சினியர் வீட்டுக்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பட்டறைக்குப் பின்னால் மாடி வீடு. எந்தச் சுவரில் எந்த வயர் ஓடுகிறது என்று சாக்பீஸால் நானே கோடு போட்டேன். எலக்ட்ரீஷியன் அந்தக் கோட்டின் மேல் வயரை இழுத்ததோடு சரி. வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. நான் வாங்கும்போது அது ஆடு கூட நுழையாத முள்ளுக்காடு. கோட்டைப்பட்டினம் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும் என்று எல்லோரும் கைவிட்ட தெரு ஒன்று உண்டு. அங்கே எந்த ஆழத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த ஆழத்தில் நிறுத்திக் குடிக்கிற தண்ணீர் காட்டினேன். இன்னும் ஒரு குழாய் இறங்கியிருந்தால் உப்புதான். இன்றைக்கு அந்தத் தெருவுக்குப் போனாலும் டீ வாங்கிக் கொடுக்காமல் என்னை விடமாட்டார்கள்.

இத்தனைக்கும் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன். கை போர் போடுகிற ஆட்களுக்குக் குழாய் சுமந்து ஆரம்பித்தவன், அதே ஆட்களை வேலைக்கு வைத்துக்கொண்டேன். இங்கிலீஷ் தெரியாது. எண்கள் தெரியும். ராடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத பூமிக்குள் என்ன நடக்கிறது என்று மேலே நின்றபடி கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. அதில் ஒருநாளும் பயந்ததில்லை.

அப்படிப்பட்டவனைத்தான் ஒரு விஜயதசமி காலையில் ஒரு கம்ப்யூட்டர் நடுங்க வைத்தது.

கம்ப்யூட்டர் என் மகளுடையது. கல்யாணமாகித் திருச்சியில் இருந்தவள், மாப்பிள்ளை சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பியபோது எங்களோடு வந்துவிட்டாள்; அவரே கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை; தண்ணீர் டாக்டர். கடல் உப்பு நிலத்தடித் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போடுகிற படிப்பு. நம் கடற்கரை ஊர்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரில் எந்த ஆழத்தில் களிமண், எங்கே மணல், எங்கே உப்பு என்று உட்கார்ந்து உட்கார்ந்து என்னிடம் கேட்டு எழுதினாள். அப்புறம் நேரில் போய் அளந்து பார்த்தாள். பெரும்பாலும் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது.

அந்தக் கணக்கு முழுவதும் அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரில் என்றும் சொல்ல முடியாது. அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்ததாம், அதில். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை.

"உப்புக் கணக்குப் போடுற சாப்ட்வேர் ரொம்பப் பழசுப்பா. இந்தப் புது கம்ப்யூட்டர்ல ஓடாது. அதனால உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி நம்ப வச்சு, அதுல ஓட்டுறேன்."

"வீட்டுக்குள்ள வீடா?"

"வாடகைக்கு விட்ட போர்ஷன் மாதிரி வச்சுக்கங்க."

"குடியிருக்கறவனுக்குக் கரன்ட் யாரு குடுக்குறா?"

"நம்ம மெயின்லேருந்துதான் போகுது."

என் சம்சாரம் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "பூமிக்குள்ள ஆறு ஓடுதுன்னு நீங்க சொன்னப்ப நாங்க யாராச்சும் பாத்தமா? நம்பலையா? அது மாதிரி நீங்களும் நம்புங்க."

நம்பினேன். அவளுக்கு வழிகாட்டியாக இருக்கிற பேராசிரியர், அந்தக் கணக்கு ஓடுவதைத் தன் கண் முன்னால் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். பூஜை விடுமுறை முடிந்ததும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். ஏற்கெனவே தவணை கேட்டு வாங்கியாயிற்று; இனிமேல் தவணை கிடையாது என்றும் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஓடினால் பட்டம், ஓடாவிட்டால் பதிவே ரத்து. இதை என் மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். கூடவே ஒன்று சொன்னாள்: "இது போச்சுன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லப்பா."

அவளிடம் காப்பி இருந்தது. ஆனால் அது கோடைக்கு முந்தைய காப்பி. கோடையில் வெயிலோடு வெயிலாகக் கிணறு கிணறாக அளந்து சேர்த்தது எதுவும் அதில் இல்லை. அதைக் காப்பி எடுக்கப் புது டிஸ்க் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை அன்றைக்கு ராடு முதல் ரிக் வரை எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்போம். படையல் போட்ட பிறகு, பட்டறை லைனுக்கென்று தனியாக இருக்கிற மெயினை நானே இறக்கி, இன்வெர்ட்டரையும் அணைத்து, அந்த மெயினுக்கும் ஒரு பொட்டு வைப்பேன். மறுநாள் நல்ல நேரம் பார்த்து ஏற்றுகிற வரை யாரும் எதையும் தொடக் கூடாது. மிஷினுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஓய்வு. அதைப் பிடுங்கினால் வருஷம் முழுக்க அது நம்மைப் பழிவாங்கும். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை, அனுபவம்.

என் மகளின் கம்ப்யூட்டர் பட்டறையின் முன்னறையில் இருந்தது. வீட்டுக்குள் சத்தம் என்று அங்கேதான் உட்கார்ந்து படிப்பாள். அந்த அறைக்கும் பட்டறை லைன்தான்.

"அப்பா, இத மட்டும் விட்டுருங்களேன். பிளக்கைப் பிடுங்காம அப்படியே இருக்கட்டும்."

"தொழில் செய்யிற எதுக்கும் ஓய்வு உண்டு தாயி. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்க முடியாது."

அவளும் பக்தி உள்ளவள்தான். உள்ளே இருந்த கம்ப்யூட்டரை முதலில் முறைப்படி நிறுத்தினாள். பிறகு வெளியே இருந்ததை நிறுத்தினாள். பெட்டிக்குச் சந்தனம் வைத்து, அதன் தலையில் ஒரு சாமந்தியும் வைத்தாள். நான் மெயினை இறக்கினேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. எல்லோரும் பார்க்கத்தான் செய்தேன்.

மறுநாள் காலையில் மெயினை ஏற்றினேன். ரிக் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு முறை நகர்த்தினோம். "நீயும் தொடங்கு தாயி" என்றேன். அவள் போய் பட்டனைத் தட்டினாள். திரையில் கருப்பாக ஏதோ எழுத்து வந்து நின்றது. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கச் சொல்லிக் கேட்டது. பூஜை அவசரத்தில் அதைச் சரியாகப் படிக்காமலே அமுக்கிவிட்டாள். கம்ப்யூட்டர் வழக்கம்போலத் திறந்தது. நான் பொரிகடலையை வாயில் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

பின்னாலேயே அவள் குரல் வந்தது. "அப்பா, இங்கிட்டு வாங்களேன்."

அந்தக் குரலை நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் மூடாத போர் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நகரப் பயந்து கூப்பிட்டாளே, அந்தக் குரல்.

உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் திறக்கவில்லை. ஒரு பெட்டி போல எழுத்து வந்து நின்றது. படித்துக் காட்டச் சொன்னேன். விடி எக்ஸ் என்று ஏதோ ஒன்று நிறுத்தப்பட்டிருக்கிறதாம், அதனால் மெஷினைத் தொடங்க முடியாதாம். "நிறுத்துனது யாரு?" என்று கேட்டேன். "தெரியலப்பா, நான் எதையும் தொடல" என்றாள். சொல்லிவிட்டு மெல்ல என் முகத்தைப் பார்த்தாள்.

நிறுத்தியவன் நான்தானே. மெயினை இறக்கிய கை இந்தக் கைதானே.

சந்தனம் ஈரமாக உள்ளே போயிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். பெட்டியைத் துணியால் துடைத்தேன். பின்பக்க ஓட்டையில் பல்லி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் நிறுத்தித் திரும்பத் தொடங்கினாள். அதே எழுத்து. உதவி தேடலாம் என்று இன்டர்நெட்டைத் திறந்தாள். ஒரு பக்கமும் ஒழுங்காகத் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்று மிரட்டியது. "நெட்டும் சரியில்ல" என்று சொல்லிக் கைப்பேசியில் தேட ஆரம்பித்தாள்.

கைப்பேசியில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அந்த சாப்ட்வேரையே அழித்துவிட்டுத் திரும்பப் போடு என்று ஒருவன் எழுதியிருந்தான். போட்டாள். போட்டு முடித்துத் திறந்தால், முன்பு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரின் பெயர் தெரியும் இடம் வெறுமையாக இருந்தது. வெள்ளைத் திரை.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம். நகத்தைக் கடிக்கக்கூட இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழிக்குள் எது விழுந்தாலும் மேலே நின்று சத்தம் கேட்கலாம், கயிறு விட்டுப் பார்க்கலாம். இதில் கயிறு விட எங்கே இடம்? பிள்ளையின் இத்தனை வருஷ உழைப்பு, இல்லாத ஒரு வீட்டுக்குள் இருக்கிற இல்லாத ஒரு அலமாரியில் இருந்தது. அந்த வீட்டையே காணோம்.

மாப்பிள்ளைக்கு வீடியோவில் போன் போட்டாள். அவர் அங்கே கப்பல் பட்டறையில் வேலை, கம்ப்யூட்டரும் ஓரளவு தெரிந்தவர். "பதறாத. ஃபோல்டர்ல போய்ப் பாரு, பெரிய ஃபைல் ஒண்ணு இருக்கும்" என்றார். தேடினாள். இருந்தது. பழைய அளவிலேயே இருந்தது. அதைத் திரும்பச் சேர்த்தாள், பெயர் வந்தது. தொடங்கினாள். மறுபடி அதே எழுத்து.

"மாமா, மெயினை எறக்குனீங்கள்ல?" என்றார் மாப்பிள்ளை.

"எறக்குனேன். வருஷா வருஷம் எறக்குறதுதானே."

"வருஷா வருஷம் இது அங்க இல்லையே மாமா. சந்தனத்தையும் அள்ளிப் பூசியிருப்பீங்க."

"ஒரு பொட்டுதான் மாப்ள."

"ஒங்க பொட்டு எனக்குத் தெரியாதா? ரிக்குக்கு வைக்கிற பொட்டத்தானே இதுக்கும் வச்சிருப்பீங்க." அவர் சிரிப்புக்குச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அவருக்கு ஷிப்ட் தொடங்குகிறது என்று போனை வைத்துவிட்டார். மிச்சம் இருந்தது நானும் அவளும், வாசற்படியில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் சம்சாரமும்.

புதுக்கோட்டையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் போட்டாள். "ஃபார்மட் அடிச்சிட்டாப் போச்சுங்க, புதுசு மாதிரி ஆயிரும்" என்றான் அந்தப் பையன், முகச் சவரம் செய்வதைப்போலச் சாதாரணமாக.

"உள்ள இருக்கறது போயிருமே?"

"உள்ள இருக்கறது போனாத்தானேங்க புதுசு மாதிரி ஆகும்?"

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு கைப்பேசியில் இன்னொரு வைத்தியம் படித்தாள். பழைய மெஷின் கெட்டுப் போயிருக்கும், அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கினால் சரியாகும் என்று. அவள் கண் கலங்கியிருந்தது. எழுத்து சரியாகத் தெரிந்திருக்காது. மெஷினின் பெயர் மேல் அமுக்கினாள். திரையில் ஒரு கேள்வி வந்தது.

"என்ன கேக்குது?"

"எல்லா ஃபைலையும் சேத்து அழிக்கவான்னு கேக்குதுப்பா."

"நீ என்ன சொல்லப்போற?"

அவள் கை மௌஸை 'ஆமா' பக்கம் நகர்த்தியது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். வளர்ந்த பிள்ளையின் கையை அப்படிப் பிடித்து எவ்வளவோ காலம் ஆயிற்று. ஜில்லென்று இருந்தது.

"தாயி, நிறுத்து. போர் போடறப்ப ராடு சிக்கிக்கிட்டா என்ன செய்வோம்?"

"அப்பா, இப்ப ராடு கதையா?"

"கேளு. மண்ணு சரிஞ்சு ராட புடிச்சுக்கிட்டா அவசரத்துல இழுக்கக் கூடாது. திருமயம் பக்கம் எங்கூட இருந்த கூட்டாளி ஒருத்தன் பதறிப்போயி ஃபுல் பவர்ல இழுத்தான். ராடு நடுவுல முறிஞ்சுது. அந்த ராடு இன்னும் அங்கதான் இருக்கு. அந்த வயக்காட்டுக்காரனுக்குக் கெணறும் இல்ல, குழியும் இல்ல. சிக்கினா எது புடிச்சிருக்குன்னு தெரியற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். இது அழிஞ்சா திரும்ப வருமா?"

"வராது."

"அப்ப வேண்டான்னு சொல்லு."

வேண்டாம் என்று அமுக்கினாள். கேள்வி மறைந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்தேன். அவளைப் பார்க்கத் தைரியம் வராமல் திரையையே பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்கிற மாதிரிதான். அதில் எண் இருக்கிற இடம் ஒன்றுதான் எனக்குப் புரியும். திரையின் கீழ் மூலையில் மணியும் தேதியும் இருந்தன.

"இந்த மணி எப்படிம்மா ஓடுது?"

"எந்த மணி?"

"மூலையில. விடிய இன்னும் நேரம் இருக்குங்குது. வெளிய வெயில் மண்டையப் பிளக்குது. வருஷத்தப் பாரு. அந்த வருஷம் நீ காலேஜுல சேரவே இல்ல."

அவள் குனிந்து பார்த்தாள். தேதி பழைய காலத்துக்குப் போயிருந்தது. "செட்டிங் மாறியிருக்கும்பா, அது வேற" என்றாள் சலிப்பாக.

வேற இல்லை. பழைய ரிக் லாரியில் ஒரு ரேடியோ இருந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும், அதில் மணி பன்னிரண்டுக்குப் போய்விடும். நாங்கள் பிடித்து வைத்திருந்த ஸ்டேஷன் அத்தனையும் மறந்துபோகும். ரேடியோ கெட்டுப்போயிருக்காது, மறந்துதான் போயிருக்கும். இந்தப் பெட்டியும் கரன்ட் இல்லாத அந்த இரவில் எதையோ மறந்திருக்கிறது. மணியை மறந்திருக்கிறது. மணியோடு சேர்த்து வேறு எதை மறந்தது?

"தாயி, இதுக்குள்ள பேட்டரி இருக்கா?"

"இது டெஸ்க்டாப்புப்பா. லேப்டாப்புக்குத்தான் பேட்டரி."

"நீ இத்தன நாளு இதோட பிளக்க எப்பவாச்சும் பிடுங்குனியா?"

யோசித்தாள். "இல்ல. திருச்சியிலேருந்து கொண்டுவந்து மாட்டுனதோட சரி. அதுவும் ஒரு பகல்தான்… அன்னைக்கு என்னமோ தேதி தப்பாத்தான் வந்துச்சு. அவரு வந்து ஏதோ பண்ணிச் சரி பண்ணுனாரு."

"இன்வெர்ட்டர்ல இருக்கற வரைக்கும் அதுக்குக் கரன்ட் போய்க்கிட்டே இருந்துச்சு. நேத்துதான் மொத்தமா எடுத்தோம். தேதி மாறுனதையும் இந்த எழுத்தையும் ஒண்ணா சேத்துத் தேடு. நீ தனித்தனியா தேடுற."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். கைப்பேசியை எடுத்தாள். தட்டினாள். படிக்கப் படிக்க அவள் முதுகு நிமிர்ந்தது. உலகத்தில் எங்கோ இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் பொட்டு அளவில் ஒரு பேட்டரி இருக்குமாம். அது செத்துப்போனால், கரன்ட்டையும் எடுத்துவிட்டால், பெட்டி தன் அடிப்படை அமைப்பை மறந்து பிறந்த நாளுக்கே போய்விடுமாம். பிறந்த நாளில், உள்ளே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்ட விடுகிற சுவிட்ச் மூடியே இருக்குமாம். பக்கங்கள் திறக்காததற்கும் அந்தத் தேதிதான் காரணமாம். காலையில் கருப்பாக வந்து கேட்டதும் அதைத்தான். அவள் படிக்காமல் தாண்டிவிட்டாள்.

"அப்பா…" என்றாள்.

பயம் போகவில்லை. சரி செய்ய வேண்டும் என்றால் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்து ஏதாவது உடைந்தால்? அவளும் அதையேதான் நினைத்தாள். முதலில் பேட்டரி வாங்கி வருகிறேன் என்று ஆலங்குடி கடைத்தெருவுக்கு வண்டியை எடுத்தேன். வாட்ச் கடைக்காரர் கடைக்கு முன்னால் வாழைக்கன்று கட்டி, மேசை மேல் சாமான்களைச் சிவப்புத் துணியால் மூடி வைத்திருந்தார்.

"வாங்க முதலாளி. நேரம் இன்னும் ஆகல, டூல்ஸ் எல்லாம் பூஜைல இருக்கு."

"எனக்கு டூல்ஸ் வேணாம். இந்த அளவுல ஒரு பேட்டரி மட்டும் வேணும்." கைப்பேசியில் மகள் அனுப்பியிருந்த படத்தைக் காட்டினேன்.

"அந்த டப்பாவும் துணிக்குள்ளதான் இருக்கு." அவர் தயங்கினார். "நீங்களே பட்டறையில மெயின எறக்கி வைக்கிற ஆளு. ஒங்களுக்குத் தெரியாததா? ஒரு அரமணி நேரம் உக்காருங்க, டீ சொல்றேன்."

அந்த வழக்கத்துக்காக என் பிள்ளையின் கம்ப்யூட்டரையே நிறுத்தியவன், அவர் வழக்கத்தை உடையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்புத் துணியையே பார்த்தேன். அதற்குள் மகள் பதறிப்போய் எதையாவது அழித்துவிடுவாளோ என்று பயம். போன் போட்டால் அந்தச் சத்தத்திலேயே அவள் கை தவறிவிடுமோ என்று அதற்கும் பயம். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. நேரம் வந்ததும் அவர் சூடம் கொளுத்தித் துணியை எடுத்தார். அன்றைய முதல் போணி அந்தப் பேட்டரிதான்.

வீட்டுக்கு வந்தேன். மகள் எதையும் தொடாமல், நான் விட்டுப்போன மாதிரியே உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மூடியைத் திறந்தது அவள். டார்ச் பிடித்தது நான். பச்சைத் தகட்டின் நடுவில் வெள்ளிப் பொட்டு மாதிரி அது இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். புதியதை வைத்தாள். "க்ளிக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் என் சம்சாரம் "முருகா" என்றாள்.

பிறகு தொடங்கும்போதே ஒரு பொத்தானை விடாமல் தட்டி, பயாஸ் என்று, பெட்டி தன் அடிப்படை அமைப்பை வைத்திருக்கிற ஒரு நீல அறைக்குள் போனாள். அங்கே எதைத் தொட்டாலும் கெட்டுப்போகும் போல எனக்குத் தோன்றியது. தேதியைச் சரி செய்தாள். விடி எக்ஸ் சுவிட்ச் இருக்கிற வரியைத் தேடிக் கண்டுபிடித்து, மூடியிருந்ததைத் திறந்தாள். சேமிக்கவா என்று கேட்டது. என்னைப் பார்த்தாள்.

"இதுவும் அழிக்கிற கேள்வியா?"

"இல்லப்பா. இது நெனப்பு வச்சுக்கிற கேள்வி."

"அப்ப ஆமான்னு சொல்லு."

கம்ப்யூட்டர் திறந்தது. மூலையில் மணி வெயிலோடு ஒத்துப்போனது. அவள் உள்ளே இருக்கிற மெஷினைத் தட்டினாள். கருப்பு. பிறகும் கருப்பு. அந்தக் கருப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு, சின்னப் பெட்டிக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கண்ணைத் திறந்தது. அதற்குள் போய்க் கணக்கைத் திறந்தாள். கோட்டைப்பட்டினம் கடற்கரை வரைபடமாக விரிந்தது. கடல் பக்கத்திலிருந்து சிவப்பு நிறம் கரைக்குள் ஏறி வந்தது. உப்பு அது. நான் குழாயை நிறுத்திய அந்தத் தெரு வரைக்கும் வந்து, அதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

கோடையில் அளந்தது எல்லாம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இருந்தது. பிறகுதான் அழுதாள். அன்றைக்கே புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் காப்பி எடுத்தாள். விடுமுறை முடிந்து பேராசிரியர் முன்னால் அந்தக் கணக்கு ஓடியது. நானும் கூடப் போயிருந்தேன், கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு. அவள் அதைத் தொடங்கும்போது நான் வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே நிற்க முடியவில்லை. இன்றைக்கும் அவள் கம்ப்யூட்டரைத் தொடங்குகிற சத்தம் கேட்டால் என் கண் தன்னால் மூலையில் இருக்கிற மணிக்குத்தான் போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சி அச்சுக்குப் போகப் போகிறது. முன்பக்கத்தில் நன்றி சொல்கிற பக்கம் ஒன்று உண்டு. என் சம்சாரம் அதைப் படித்துக் காட்டினாள். பேராசிரியருக்கு நன்றி, வழிகாட்டுதலுக்காக. கல்லூரிக்கு நன்றி, வசதிகளுக்காக. கணவருக்கு நன்றி, "தொழில்நுட்ப உதவிக்காக". கடைசியில் அம்மா அப்பாவுக்கு நன்றி, "அன்புக்காகவும் பொறுமைக்காகவும்".

தொழில்நுட்ப உதவி மாப்பிள்ளைக்கா? பெரிய ஃபைலைத் தேடச் சொன்னது அவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. திருச்சியிலிருந்து வந்த அன்றைக்கே பேட்டரி செத்துப்போனதைக் கண்டுபிடிக்காமல் தேதியை மட்டும் சரி செய்துவிட்டுப் போனதும் அவர்தான். அதையும் மறக்கக் கூடாது.

மகளிடம் கேட்டேன். "இதெல்லாம் ஆராய்ச்சில போட மாட்டாங்கப்பா, சிரிப்பாங்க" என்றாள். சிரித்தால் சிரிக்கட்டும். மெயினை இறக்கியது நான் என்பதையும் வேண்டுமானால் சேர்த்துப் போடட்டும், எனக்கு வெட்கமில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கும் இறக்கத்தான் போகிறேன்; இப்போது அதற்குள் நல்ல பேட்டரி இருக்கிறது.

ஆனால் அன்புக்காக நன்றி எனக்கு வேண்டாம். அன்பு எல்லா அப்பனும் வைப்பதுதான். கடற்கரையில் மண்ணின் ஆழம் சொன்னதற்கு, அழிக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தியதற்கு, திரையின் மூலையில் மணி தப்பு என்று பார்த்ததற்கு என்று மூன்றையும் என் பெயருக்கு நேராக எழுத வேண்டும். எழுதிய பிறகு அச்சுக்குப் போகட்டும். அதுவரை அந்த நன்றித் தாள் என் சட்டைப்பையில்தான் இருக்கும்.